வயதுக்கு இட்ட வேலி

மற்போர் திறனாய்வுக்கு உரிய பொருளாகுமா என்று வினவுவோர் உண்டு. கூத்தையும் நாடகத்தையும் ஆராய்கின்ற நாம், தொழில்முறை மற்போரைக் கண்டால் மட்டும் முகஞ்சுளிக்கிறோம். முடிவை முன்னரே தீர்மானித்துக்கொண்டு ஆடும் பொய்ப்போர் என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். முடிவு முன்னரே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயின், அதனாலேயே அது ஆராய்ச்சிக்குத் தகாததாகிவிடாது. கோவலன் கொலையுண்பான் என்பதை அறிந்தேதான் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுக்கிறோம். யார் வெல்வார் என்பது பந்தயம் கட்டுவோனின் கேள்வி. இன்னார் ஏன் வெல்கிறார், யாரை வீழ்த்தி வெல்கிறார், அவ்வெற்றி காண்போர்க்கு உணர்த்துவது யாது என்பனவே திறனாய்வாளனின் கேள்விகள். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரைத் தொகுதியை மற்போர் பற்றிய கட்டுரையுடன்தான் தொடங்கினார். மற்போரை விளையாட்டாகக் கொள்ளாது, காட்சிக்கலையாகவே அவர் கொண்டார்.

கிங் காங், தாரா சிங் ஆகியோரின் பெயர்கள் வீடுதோறும் வழங்கிய காலம் ஒன்று நம் மண்ணில் இருந்தது. அக்காலத்து மக்கள் மற்போரைக் கதையாகவே கண்டு மகிழ்ந்தனர். அதே கண்கொண்டு, ஜப்பானிய மற்போர் அரங்கில் 2003-இல் தோன்றி 2006-இல் மறைந்த ஒரு பட்டத்தை ஈண்டு ஆராய்வோம். முப்பது வயதுக்குட்பட்ட மல்லர்களுக்கு மட்டுமென வகுக்கப்பட்ட பட்டம் அது. 'ஐ.டபிள்யூ.ஜி.பி. யூ-30' என்பது அதன் பெயர். அதனை வழங்கியது, அந்தோனியோ இனோக்கி 1972-இல் நிறுவிய நியூ ஜப்பான் புரோ-ரெஸ்லிங் நிறுவனம். இளையோரை உயர்த்தும் நன்னோக்குடன் படைக்கப்பட்ட அப்பட்டம் மூன்றாண்டு அளவில் ஏன் பொலிவிழந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாட்டு காட்டும் அளவுகோல்

மற்போர் பற்றிய நுட்பமான பாடல் ஒன்று புறநானூற்றில் உள்ளது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல்நாட்டு ஆமூர் மல்லனை எதிர்த்து வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் பகைவனின் மார்பில் அழுந்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகின்மேல் வளைய நிற்கும் நிலையை அவர் ஓவியம்போல் தீட்டுகிறார். கிள்ளி இளையவன், தந்தை தித்தனோடு மனவேறுபாடு கொண்டிருந்தான் என்பர். வெற்றியைப் பாடிய புலவர் பரிசிலையோ நாட்டையோ குறித்துப் பேசவில்லை. தித்தன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இக்காட்சியை அவன் காணவேண்டும் என்றே விழைகிறார்.

இவ்விழைவில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியுள்ளது. இளையவனின் வெற்றி மூத்தவனின் கண்முன் நிகழ்ந்தாக வேண்டும். மூத்தவன் காணாத வெற்றி, எத்துணைப் பெரிதாயினும், பாதி வெற்றியே. மற்போர் அரங்கிலோ மூத்தவன் அவையில் அமர்ந்து காண்பதுகூடப் போதாது. அவனே எதிரில் நின்று பொருது, தன் தோல்வியால் இளையவனுக்குச் சான்று பகரவேண்டும். தீர்மானிக்கப்பட்ட முடிவுகளைக் கொண்ட இக்கலையில் தோல்வி என்பது மூத்தவன் இளையவனுக்கு வழங்கும் கொடை. இவ்வளவுகோலைக் கொண்டே யூ-30 பட்டத்தை மதிப்பிட வேண்டும்.

பட்டம் பிறந்த சூழல்

எந்தப் படைப்பையும் அது தோன்றிய காலத்தோடு பொருத்திக் காண்பது திறனாய்வு நெறி. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம் நியூ ஜப்பானுக்கு இடர்மிகு காலமாக இருந்தது. 1997-இல் தோன்றிய 'பிரைட்' போன்ற கலப்புச் சண்டைப் போட்டிகள் மக்கள் மனத்தைக் கவர்ந்து வந்தன. அங்கே முடிவு தீர்மானிக்கப்படுவதில்லை. அடியும் குருதியும் மெய்யானவை. மல்லர்களும் அவ்வகைச் சண்டைகளில் இறங்கித் தம் வலிமையை மெய்ப்பிக்கவேண்டும் என்று இனோக்கி விரும்பினார். விளைவு துன்பமாயிற்று. நியூ ஜப்பானின் முன்னணி மல்லர் யூஜி நகாத்தா, 2001 டிசம்பர் 31-ஆம் நாள் மிர்கோ குரோ காப் என்பவரிடம் 21 நொடிகளில் வீழ்ந்தார். அதே நகாத்தா அடுத்த ஆண்டில் நிறுவனத்தின் உயரிய பட்டமாகிய ஐ.டபிள்யூ.ஜி.பி. மிகுஎடைப் பட்டத்தை ஏற்று, பத்து முறை அதனைக் காத்து அன்றைய நிலையில் சாதனை படைத்தார். ஆயினும் அந்த 21 நொடிகளை மக்கள் மறக்கவில்லை.

இன்னொரு புறம், மூத்தவர்கள் வெளியேறத் தொடங்கினர். கேய்ஜி முத்தோ, ஷின்யா ஹாஷிமோத்தோ, மசஹிரோ சோனோ ஆகிய மூவரும் 'மூன்று வீரர்கள்' என்ற சிறப்புப்பெயருடன் ஒரு தலைமுறையை ஆண்டவர்கள். அவர்களுள் ஹாஷிமோத்தோ விலகிச் சென்று 2001-இல் 'ஸீரோ-ஒன்' என்னும் தனி நிறுவனம் கண்டார். முத்தோ 2002-இல் போட்டி நிறுவனமாகிய ஆல் ஜப்பானுக்குச் சென்றார். சோனோ மட்டுமே எஞ்சினார். வெற்றிடம் பெரிது, அதனை நிரப்பவேண்டியவர்களோ இளையவர்கள். ஹிரோஷி தனஹாஷி, ஷின்சுக்கே நகமுரா, கத்சுயோரி ஷிபாத்தா ஆகிய மூவரை நிறுவனம் முன்னிறுத்தியது. அவர்களுக்குச் சூட்டிய பெயர் 'புதிய மூன்று வீரர்கள்' என்பதாம்.

இப்பெயரே நோக்கற்பாலது. தமக்கென ஒரு பெயர்கூட அவ்விளையவர்களுக்கு வாய்க்கவில்லை. முன்னோரின் பெயரையே 'புதிய' என்னும் அடைமொழி சேர்த்து அணிந்துகொண்டனர். தந்தையின் சட்டையை மகனுக்கு வெட்டித் தைத்தது போன்ற செயல் அது. இத்தகைய சூழலில்தான், 2003 ஏப்ரலில், யூ-30 பட்டம் ஒரு தொடர்போட்டியின் வாயிலாக அரங்கேறியது. முதற்பட்டத்தை வென்றவர் தனஹாஷி. அப்போது அவருக்கு வயது 26. 2002 நவம்பரில் கத்திக்குத்துக்கு ஆளாகி உயிர் பிழைத்து, சில திங்களிலேயே அரங்குக்குத் திரும்பியவர் அவர். அம்மீட்சிக்குப் பின் கிட்டிய முதற்சிறப்பு என்ற வகையில் அப்பட்டம் அவர் வாழ்வில் பொருளுடையதாயிற்று.

பெயரிலேயே அமைந்த முரண்

ஜப்பானிய மற்போரில் எடையால் வகுக்கப்பட்ட பிரிவுகள் நெடுங்காலமாக உண்டு. நியூ ஜப்பானில் நூறு கிலோகிராமுக்குட்பட்டோர் இளநிலை மிகுஎடைப் பிரிவில் பொருதுவர். எடை என்பது உடலின் இயல்பு. எடை குறைந்தவன் தன் பிரிவில் தலைசிறந்தவன் என்று கூறினால் அதில் இழுக்கொன்றுமில்லை. அவனது விரைவும் பறந்து தாக்கும் திறனும் வேறொரு கலையாகவே மதிக்கப்படுகின்றன. யூ-30 பட்டமோ எடை வரம்பை நீக்கியது. எவ்வெடையினரும் போட்டியிடலாம் என்றது. நீக்கிய எடை வேலிக்குப் பதிலாக வயது வேலியை இட்டது.

இவ்விரண்டு வேலிகளும் ஒரு தன்மையன அல்ல. எடை குறைந்தோரின் ஆட்டத்திற்குத் தனிச்சுவை உண்டு. இருபத்தெட்டு வயதினன் ஆட்டத்திற்கும் முப்பத்திரண்டு வயதினன் ஆட்டத்திற்கும் அவ்வாறு சுவை வேற்றுமை எதுவும் இல்லை. வேறுபாடு அவையோரின் மதிப்பில் மட்டுமே உள்ளது. ஆகவே, 'முப்பதுக்குட்பட்டோரில் முதல்வன்' என்று அறிவிக்கும்போது, சொல்லாமற் சொல்லும் செய்தி ஒன்று உடன்வருகிறது. 'முப்பதைக் கடந்தோரிடம் இவன் இன்னும் நிற்கமாட்டான்' என்பதே அது. புகழ்ச்சி போல் தோன்றி இகழ்ச்சியாக முடியும் அணியைத் தமிழ் இலக்கணத்தார் அறிவர். இப்பட்டம் அவ்வணிக்கு எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டது.

மற்றொரு முரணும் உண்டு. பிற பட்டங்களைப் பெரும்பாலும் தோல்வியாலேயே இழப்பர். இப்பட்டத்தையோ பிறந்தநாளாலும் இழக்க நேரும். வீரன் எவரிடமும் தோற்காமல் இருப்பினும் நாட்காட்டியிடம் தோற்றே தீர்வான். அரங்கில் எதிரி இல்லாத தோல்வி கதைக்கு உதவாத தோல்வி. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதத்திற்கும் வெகுளிக்கும் மற்போர் இடந்தரும். வீழ்ந்தவனின் அழுகைக்கும் இளிவரலுக்கும்கூட இடந்தரும். அகவை முதிர்ந்து பட்டம் நீங்குவதில் எந்த மெய்ப்பாடும் பிறவாது.

எட்டுத் திங்களில் வந்த மறுப்பு

யூ-30 பட்டத்தின் அடிப்படைக் கருத்தை மறுத்தவர் எவரோ அல்லர், அந்நிறுவனத்தாரே. 2003 டிசம்பர் 9-ஆம் நாள் ஷின்சுக்கே நகமுரா, ஹிரோயோஷி டென்சானை வீழ்த்தி, மிகுஎடைப் பட்டத்தையே வென்றார். அவருக்கு அப்போது வயது 23. அரங்கேறி ஒன்றேகால் ஆண்டே ஆகியிருந்தது. அப்பட்டத்தை வென்றோருள் அவரே மிக இளையவர். அடுத்த திங்களில், 2004 ஜனவரி 4-ஆம் நாள், தோக்கியோ டோமில் யோஷிஹிரோ தகயாமா என்னும் பெருவலிமை வாய்ந்த மூத்தவரையும் அவர் வென்றார்.

இந்நிகழ்ச்சியின் பொருளை எண்ணிப்பார்க்க வேண்டும். 27 வயதுத் தனஹாஷி இளையோர் பட்டத்தைத் தாங்கி நிற்கிறார். அவரினும் மூன்றாண்டு இளையவரான நகமுரா அனைவர்க்குமான பட்டத்தைத் தாங்கி நிற்கிறார். இளையோர்க்குத் தனி மேடை வேண்டும் என்ற வாதம் அக்கணமே வலுவிழந்தது. இளையவன் ஒருவன் முற்றத்தையே வென்றுவிட்ட பிறகு, திண்ணையில் நடக்கும் போட்டியை யார் காண்பர்? காயங்களின் காரணமாக நகமுரா 2004 பிப்ரவரியில் தம் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. ஆயினும் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. அதன்பின் யூ-30 பட்டம் எத்துணை முறை காக்கப்பட்டாலும், அது இரண்டாம் இடத்தின் அடையாளமாகவே காட்சியளித்தது.

இருவரும் எதிர்நின்ற நாள்

2005 ஜனவரி 4-ஆம் நாள் தோக்கியோ டோமில் நடைபெற்ற பெருவிழாவில் தனஹாஷியும் நகமுராவும் யூ-30 பட்டத்திற்காகப் பொருதனர். 1992 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் அங்கு நடைபெறும் விழாவே நியூ ஜப்பானின் தலையாய விழா. அதன் இறுதி ஆட்டமாக இவ்விளையோர் போர் வைக்கப்பட்டது. முந்திய திங்களில்தான் இருவரும் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தனர். தோழர்கள் பகைவர்களாயினர். நகமுரா வென்றார், ஓராண்டு எட்டுத் திங்களுக்கு மேல் தனஹாஷி காத்துவந்த பட்டம் கைமாறியது.

புற அளவில் நோக்கினால் இது பட்டத்தின் உச்சநிலை எனலாம். மிகப்பெரிய விழாவின் கடைசி ஆட்டம். நிறுவனத்தின் எதிர்காலமாகக் கருதப்பட்ட இருவர். ஆனால், கதையின் உள்ளமைப்பு என்ன கூறுகிறது? உயர்பட்டத்தை முன்னரே வென்றவர், அதனினும் தாழ்ந்த பட்டத்திற்காகப் பொருதுகிறார். மலையுச்சியைக் கண்டவன் குன்றேற முயல்வதில் எழுச்சி ஏது? வென்றபின் நகமுரா பெற்ற புதுச்சிறப்பு ஒன்றுமில்லை. தோற்ற தனஹாஷியோ, தம் வயதினரிடையேயும் தாம் முதல்வர் அல்லர் என்ற பழியைச் சுமந்தார். வென்றவனை உயர்த்தாமல் தோற்றவனைத் தாழ்த்துவது படைப்பில் நேரும் பெருங்குறை. அரங்கில் இருவரும் காட்டிய உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. குறை, அவர்கள் கையில் தரப்பட்ட நாடகத்தின் அமைப்பில் உள்ளது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அவ்வாட்டத்தில் மூத்தவர் எவருக்கும் பங்கில்லை. தித்தன் இல்லாத ஆமூர் அது. இளையவரை இளையவரே வீழ்த்தினார். மூத்த தலைமுறையின் பெருமை தொடப்படாமலேயே நின்றது.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் மூவருள் ஒருவரான ஷிபாத்தா நிறுவனத்தைவிட்டு விலகினார். 'புதிய மூன்று வீரர்கள்' என்னும் பெயர் அத்துடன் குலைந்தது. நகமுராவிடம் சென்ற யூ-30 பட்டமும் நிலைக்கவில்லை. பின்னர் மீண்டும் தனஹாஷியிடமே வந்து சேர்ந்தது. 2006-இல் அது வழக்கொழிந்தது. ஆட்சிகள் மூன்று; ஆண்டவர்கள் இருவர். ஒரு தலைமுறையையே வளர்ப்பதற்கென அமைத்த மேடையில் இருவருக்கே இடமிருந்தது என்பது அதன் வறுமையைக் காட்டும்.

வேலியின் பயன்

இதுவரை குறைகளையே கூறினோம். நடுநிலை தவறாது பயனையும் கூறுதல் கடன். நாற்றங்காலுக்கு வேலி வேண்டும் என்பதை எந்த உழவனும் மறுக்கமாட்டான். தனஹாஷி ஓராண்டு எட்டுத் திங்கள் பட்டம் தாங்கியவராக வாழ்ந்தார். நீண்ட ஆட்டத்தை நடத்திச் செல்லுதல், அவையோரின் மனநிலையை அறிந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடுதல், பட்டம் தாங்கியவனுக்குரிய மொழியில் மக்களோடு பேசுதல் ஆகியவை அனைத்தும் பயிற்சியால் வருவன. மூத்தோர் நிறைந்த அரங்கில் அப்பயிற்சி அவருக்கு எளிதில் கிட்டியிராது. பின்னாளில் அவர் எய்திய பெருமைக்கு யூ-30 நாட்கள் உரமாயின என்று கூறுவது பொருந்தும்.

எனினும், நாற்றங்கால் அறுவடைக்களம் ஆகாது. நாற்று ஒருநாள் பறிக்கப்பட்டு வயலில் நடப்படவேண்டும். நியூ ஜப்பான் செய்த பிழை வேலி இட்டதன்று. வேலியின் வாயிலை அமைக்க மறந்ததே. இளையோர் பட்டத்தை இத்தனை முறை காத்தவனுக்கு உயர்பட்டத்திற்கான உரிமை உண்டு என்று ஒரு நெறி வகுத்திருந்தால், அப்பட்டம் படிக்கட்டாகியிருக்கும். வாயிலற்ற வேலி பட்டியாகிவிடுகிறது.

மூத்தவரின் தோல்வி

தனஹாஷியின் பிற்கால வரலாறே இக்கருத்துக்குச் சிறந்த சான்று. 2006 ஜூலையில், 29-ஆம் வயதில், அவர் மிகுஎடைப் பட்டத்தை முதன்முறையாக வென்றார். பட்டம் தாங்கியிருந்த பிராக் லெஸ்னரிடமிருந்து அது பறிக்கப்பட்டு, வெற்றிடம் நிரப்ப நடந்த போட்டியில் ஜயன்ட் பெர்னார்டை வீழ்த்தி அவர் பெற்ற வெற்றி அது. யாரும் அமர்ந்திராத அரியணை அது. அவையோரில் பலர் அவரை நெடுநாள் எள்ளி ஒலியெழுப்பி வந்தனர். அவரது நீண்ட கூந்தலையும் ஒப்பனையையும் மட்டுமே அதற்குக் காரணமாகக் காட்டுவது போதாது. அவர் யாரை வீழ்த்தி வந்தார் என்ற கேள்விக்கு அவையோர் விடை பெறவில்லை என்பதே நம் கருத்து.

அவ்விடை 2009-இல் வந்தது. வெளியேறிய மூத்தவரான கேய்ஜி முத்தோ, 2008 ஏப்ரலில் திரும்பி வந்து, நகமுராவை வீழ்த்தி மிகுஎடைப் பட்டத்தைக் கைப்பற்றிச் சென்றிருந்தார். 2009 ஜனவரி 4-ஆம் நாள் தோக்கியோ டோமில் தனஹாஷி அவரை எதிர்கொண்டார். இளமையில் முத்தோவின் உதவியாளராகத் தொண்டு செய்தவர் தனஹாஷி. ஆசானுக்கு நிகரான 46 வயது மூத்தவரை 32 வயதுத் தொண்டர் வென்றார். சாத்தந்தையார் விழைந்தது இங்கு நிறைவேறியது எனலாம். தித்தன் கண்டான்; கண்டதோடமையாது தானே வீழ்ந்து சான்று பகர்ந்தான். யூ-30 பட்டத்தால் மூன்றாண்டில் தரமுடியாததை முத்தோவின் ஒரு தோல்வி தந்தது.

தாம் பெற்ற பாடத்தைத் தனஹாஷி மறக்கவில்லை. 2012 ஜனவரி 4-ஆம் நாள் அவர் பதினோராம் முறையாகப் பட்டத்தைக் காத்து, நகாத்தாவின் பத்து என்னும் சாதனையைக் கடந்தார். அடுத்த திங்களில், பிப்ரவரி 12-ஆம் நாள், ஒசாக்காவில் கசுச்சிகா ஒக்காதா என்னும் 24 வயது இளைஞரிடம் அதனை இழந்தார். ஒக்காதா வெளிநாட்டுப் பயிற்சியிலிருந்து அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் திரும்பியிருந்தார். அவையோர் திகைத்தனர். ஒரே இரவில் அவ்விளைஞர் நிறுவனத்தின் தூணானார். அவருக்கென ஒரு தனிப்பட்டம் படைக்கப்படவில்லை; வயது வேலி இடப்படவில்லை. சாதனையின் முடியில் நின்ற மூத்தவர் தம் உச்சியிலிருந்தே வீழ்ந்து கொடுத்தார். தளர்ந்தபின் வழங்கும் தோல்வியைவிட உச்சியில் வழங்கும் தோல்வி பன்மடங்கு விலையுடையது என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

முடிவுரை

யூ-30 பட்டம் தீய நோக்குடன் படைக்கப்பட்டதன்று. இளையோர்மேல் கொண்ட பரிவே அதன் வித்து. ஆயின், அப்பரிவில் ஓர் அச்சமும் கலந்திருந்தது. மூத்தோரின் பெருமைக்கு ஊறு நேராமல் இளையோரை வளர்த்துவிடலாம் என்று அதனைப் படைத்தோர் எண்ணினர் போலும். அவ்வாறு வளர்ப்பது இயலாதென்பதை அப்பட்டத்தின் வரலாறு காட்டுகிறது. ஒரு தலைமுறை எழ வேண்டுமாயின், மற்றொரு தலைமுறை தன் இடத்திலிருந்து சற்றே இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த இழப்பை ஏற்க மனமில்லாத இடத்தில்தான் தனிப்பட்டங்களும் தனி மேடைகளும் பெருகுகின்றன.

தனஹாஷி 2023 டிசம்பரில் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். வேலிக்குள் நிறுத்தப்பட்ட இளைஞரே வேலி இடும் அதிகாரம் பெற்றவரானார். இளையோர்க்கு அவர் எத்தனைப் பட்டங்களை வகுத்தார் என்று எவரும் கணக்கிடப் போவதில்லை. 2012-இல் ஒக்காதாவின் முன் அவர் வீழ்ந்து கிடந்த காட்சியே அவர் தந்த நற்கொடையாக அக்கலையின் வரலாற்றில் நிற்கும்.